எட்டுக் குடம், ஒரே ஒரு டர்ன்

நெப்போலியன் தோற்றதற்குப் புத்தகங்களில் பல காரணம் சொல்லியிருக்கிறார்கள். நான் நெப்போலியனாக இருந்து மானம் போனதற்கு ஒரே காரணம், தாம்பரத்துத் தண்ணீர் லாரி. (லாரி மேல் பழி போடுகிறேன், பார்த்தீர்களா? புத்தி இன்னும் மாறவில்லை.)

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். சேலையூரில் டிராயிங் மாஸ்டராக இருந்த என் நண்பன் செபாஸ்டியன், பழைய புத்தகக் கடையில் ஒரு போர் விளையாட்டு விதிப் புத்தகத்தைப் பிடித்து, ஈயத்தை உருக்கிக் கட்டைவிரல் உயரத்துக்கு வீரர்களை வார்த்து, சட்டைக்குப் பெயிண்டும் அடித்திருந்தான். எங்கள் சாப்பாட்டு மேஜைதான் போர்க்களம். அதன் குறுக்கே ஓடிய ஆறு, என் மனைவி கோமதியின் நீல ரவிக்கைத் துணி. ஸ்கேலால் அளந்து படையை நகர்த்தி, டைஸ் உருட்டி, புத்தகத்தைப் புரட்டிச் சண்டை போட்டு முடித்தால் ஒரு டர்ன். அதற்கே அரை மணி ஆகும். ஒரு பொம்மை நின்றால் இருபது பேர் நிற்பதாகக் கணக்கு. இந்தக் கணக்குதான் என் தலைக்கு ஏறிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோமதியின் அப்பா திருநெல்வேலியிலிருந்து முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஆற்றில் முங்கி எழாமல் காபி குடிக்காதவர். "இங்க தண்ணிக் கஷ்டமே இல்லப்பா" என்று கோமதி கடிதத்துக்குக் கடிதம் எழுதியிருந்தாள். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது சொன்னாள்:

"என்னங்க, லாரி வந்தா எட்டுக் குடம் பிடிச்சிருங்க. டிரம் காலி. அப்பா முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிராதீங்க."

எட்டுக் குடத்தையும் தெருமுனை வரிசையில் வைத்துவிட்டு வந்து, நெப்போலியனாக என் குதிரைப்படையை ஆற்றங்கரைக்கு நகர்த்தினேன். எதிரணியில் செபாஸ்டியனும், ரயில்வேயில் வேலை பார்த்த கோதண்டமும். ஹாரன் கேட்டது.

"மச்சான், லாரி வந்துகீது" என்றான் கோதண்டம்.

"குடம் லைன்ல நிக்குதுடா. ஒரே ஒரு டர்ன்."

(குடம் நின்றால் நான் நிற்பதாக அர்த்தமாம். எப்பேர்ப்பட்ட மூளை.)

டைஸில் ஒன்று விழுந்தது. குதிரைப்படை மொத்தமும் காலி. தெருமுனைக்கு ஓடினால் லாரியின் முதுகுதான் தெரிந்தது. என் குடங்கள் சாக்கடையோரம் உருண்டு கிடந்தன. எதிர்வீட்டு அக்கா நிதானமாகக் கேட்டார்: "கொடத்துக்கு இன்னா கையா கீது, அதுவே புட்ச்சிக்கினு வர்றதுக்கு?"

நான் திரும்பி வரவும் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மாமா சட்டையைக் கழற்றி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "குளிச்சிட்டு வாரேன்" என்று குளியலறைக்குப் போனார். டிரம் மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டது. கோமதி என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த காலிக் குடத்தைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மாமா வெளியே வந்தார். மேஜையைப் பார்த்தார்.

"ஆறு ரெண்டு கரையும் தொட்டுல்லா ஓடுது, மாப்ள."

பிறகு மகளிடம் திரும்பினார். "சளி புடிச்ச மாதிரி இருக்கும்மா. இன்னைக்குக் குளிக்க வேண்டாம்னு பாக்கேன். காபி குடு."

ஒரு தும்மல்கூட இல்லாத சளி. வாழ்நாளெல்லாம் குளிக்காமல் காபி தொடாத மனுஷன், மகள் எழுதிய பொய்யைக் காப்பாற்ற, ரயில் அழுக்கோடு உட்கார்ந்து காபி குடித்தார். நான் சாக்கடையோரம் கிடந்த மற்றக் குடங்களைப் பொறுக்க ஓடினேன். செபாஸ்டியனும் கோதண்டமும் சைக்கிளை எடுத்தார்கள். செபாஸ்டியன் வீட்டுக் கிணற்றுக்கு மூவரும் மாறி மாறி நடை போய் எட்டுக் குடமும் கொண்டுவந்து சேர்த்தோம். மூன்று மணிக்கு மாமாவுக்குச் சளி விட்டது.

அதற்குப் பிறகு அவர் எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "மாப்ள, சண்டை முடிஞ்சிட்டா? குளிக்கலாமா?" வீடே சிரிக்கும். அந்தக் கடிதங்களைப் பற்றி மட்டும் கடைசிவரை கோமதியிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

இப்போது மாமா இல்லை. திருகினால் குழாயில் தண்ணீர் வருகிறது. காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் குரலிலேயே அந்தக் கேள்வியைக் கேட்பவள் கோமதி. "முடிஞ்சுது" என்று சொல்வதற்கு முன்னால், நான் இன்றைக்கும் எழுந்து போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.