தர்க்க வகுப்பில் ராஜாக்கள்

"காலேஜ் இன்ஸ்பெக்டர் வந்துட்டே இருக்காரு, வகுப்புல இருக்கது ரெண்டே ரெண்டு பய!" லெக்சரர் தவசிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

ராயபுரத்தின் அந்தச் சின்னக் கல்லூரியில் தர்க்கம் படிக்க ஈ, காக்கைகூட வருவதில்லை. பெஞ்சு காலியாக இருந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். பிறகு மாமனாரின் கருப்பட்டி மண்டியே கதி. மாமனார் வெள்ளத்துரை மருமகனுக்கென்று அங்கே திண்டுகூடப் போட்டு வைத்திருந்தார்.

"பேஜாராவாதீங்க சார்," என்றான் பியூன் துரை. "ஆர்பர்ல கப்பல் சரக்கு எறக்கற நைட்டு வேல முடிஞ்சி நம்ம தோஸ்துங்க வந்துகினு கீறாங்க. இட்டாந்து குந்த வெச்சிடறேன்."

இட்டாந்தான். ஒருவர் உடம்பிலும் சட்டை இல்லை! நாடக மன்றத்தின் பழைய பெட்டியைக் குடைந்ததில் ராஜா கோட்டுகள்தான் அகப்பட்டன. ஜரிகை மின்ன, மன்னாதி மன்னர்கள் பெஞ்சில் அமர்ந்தார்கள்.

"யாரும் வாயத் தொறக்கக் கூடாது, கேட்டியளா? என் கையப் பாத்து நடந்துக்கிடணும்."

"அத்த எங்களுக்குச் சொல்லணுமா சார்?" என்றார் முன்வரிசை குணசேகரன். "கிரேனாண்ட எங்க பொயப்பே அதான்!"

இன்ஸ்பெக்டர் வந்தார். சிரிப்பு என்பதையே அறியாத முகம். மாணவர்கள் நடுவே நாற்காலி போட்டு அமர்ந்தார்.

"இதென்ன வேஷம்?"

"தர்க்கத்துக்கு ஒரு கம்பீரம் வேணும்லா சார்!"

அதற்குள் பின்வரிசையில் குறட்டை கிளம்பிவிட்டது. எல்லாரையும் எழுப்பி வணக்கம் சொல்லவைத்துச் சமாளிக்கலாம் என்று தவசிமுத்து உள்ளங்கையை மேலே உயர்த்தினார்.

துறைமுகத்தில் அதற்கு 'தூக்கு' என்று அர்த்தம். தூங்கியவர்களும் துள்ளி எழுந்தார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு தோளுயரத்துக்குப் போனார்.

"ஐயோ!" என்று தவசிமுத்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் வீசினார். நாற்காலி அப்படியே திரும்பி ஜன்னலை நோக்கி நகர்ந்தது. கையைக் கட்டினால் விழுந்துவிடுமோ, நீட்டினால் வெளியே போய்விடுமோ? கருப்பட்டி வாசனை அப்போதே மூக்கில் ஏறியது.

உயரத்திலிருந்த இன்ஸ்பெக்டர் பதறவில்லை. ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கி நீட்டி மெல்ல வட்டம் போட்டார். நாற்காலி அலுங்காமல் குலுங்காமல் இறங்கியது.

"வகுப்பு தொடரலாம். மூட வேண்டியதில்லை," என்றார் விறைப்பாக. வாசல் வரை போனவர் திரும்பிவந்து, குணசேகரனின் ஜரிகைக் கையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இந்தக் கோட்டுல இன்னும் மூட்டப்பூச்சி கீதா? அந்தக் காலத்துல ஆர்பர்லேர்ந்து இட்டாந்து என்னிய இதே பெஞ்சுல ஆள் கணக்குக்குக் குந்த வெச்சப்பவே புடுங்கி எடுத்துச்சே!"