கடையின் அன்றைய இன்ச்

காஜா மெஷினின் கொக்கி ஒன்று உடைந்துபோவது உலக வரலாற்றில் குறிக்கத்தக்க நிகழ்ச்சி அல்ல. இம்மி மாஸ்டரின் தையற்கடையில் அது உடைந்த செவ்வாய்க்கிழமை காலையிலும் பூமி வழக்கம்போலவே சுற்றியது. ஆனால் அந்தக் கொக்கியில் தொடங்கி, சில மாதங்களுக்குள் ஒரு பெரிய வங்கியின் ஊழியர் அத்தனை பேருடைய கணுக்காலும் வெளியே வந்துவிட்டபடியால், நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது கடமையாகிறது.

மாஸ்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இம்மி என்பது தெரு வைத்தது. முப்பது வருஷமாக அவர் எடுத்த அளவில் இம்மி பிசகியதில்லை. ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாலே இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு என்று மனசுக்குள் விழுந்துவிடும். டேப்பை எடுப்பதெல்லாம் மரியாதைக்காகத்தான். தன் இடுப்பு இன்னும் முப்பத்திரண்டுதான் என்று சாதிக்கும் ஆசாமிகளிடம் அவர் வாதாடுவதில்லை. டேப்பைச் சுற்றி, எண்ணைக் காட்டிவிட்டு, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அப்படி ஒரு பண்பு.

உடைந்த கொக்கி ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. மகள் செல்போனில் தேடி, வெளிநாட்டுக் கடை ஒன்றில் கண்டுபிடித்தாள். விலை, அவர்கள் பணத்தில் நூறு. அவர்கள் பணம் ஒன்றுக்கு நம் பணம் எண்பது என்று அன்றைய செய்தி சொன்னது. ஆக எட்டாயிரம். மாஸ்டர் பெருமூச்சு விட்டுச் சரி என்றார். அப்போது திரையில் ஒரு கட்டம் தோன்றியது. "தங்கள் சௌகரியத்தை முன்னிட்டுத் தங்கள் சொந்தப் பணத்திலேயே செலுத்தலாம். கட்டணம் ஏதுமில்லை." கட்டத்தில் டிக்கும் அவர்களே போட்டு வைத்திருந்தார்கள். இத்தனை தூரத்திலிருந்து யாரோ நம் சௌகரியத்தை நினைக்கிறார்களே என்று மாஸ்டர் உருகிப்போனார்.

உருகி முடிப்பதற்குள் தொகை எட்டாயிரத்து நானூறு ஆகியிருந்தது. வங்கியிலிருந்து வந்த செய்தியில் எட்டாயிரத்து அறுநூற்றைம்பது கழிக்கப்பட்டிருந்தது. பத்து நாள் கழித்து, கொக்கி இருப்பில் இல்லை, மன்னிக்கவும், முழுத்தொகையையும் திருப்பி அனுப்புகிறோம் என்று வெளிநாட்டுக் கடை எழுதியது. முழுத்தொகை வந்து சேர்ந்தது. ஏழாயிரத்து எழுநூறு.

ஆக, கொக்கி வரவில்லை. பணம் மட்டும் வெளிநாடு போய், தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் இளைத்துத் திரும்பியிருந்தது. காஜா மெஷின் இல்லாததால் பொத்தான் துளைகளைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவிக்குத்தான் கணக்கு உடனே பிடிபட்டது.

"தொள்ளாயிரத்து அம்பதுன்னா நாலு சட்டைக் கூலி. நாலு சட்டைக்கு இருபத்தெட்டு காஜா. என் விரலைப் பாருங்க," என்றாள். பார்த்தார். "அந்தப் பணத்தைத் திரும்ப வாங்காம நீங்க ஊசியைத் தொடக் கூடாது."

வங்கியில் 'ஒளிவு இல்லை, மறைவு இல்லை, கட்டணமும் இல்லை' என்று சுவர் நிறைய எழுதியிருந்தது. அதன் கீழே வாடிக்கையாளர் மகிழ்ச்சி மேசை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்த முகமாக, மாஸ்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக் கணினியில் தட்டிப் பார்த்தாள்.

"கட்டணம் எதுவும் எடுக்கலையே சார்."

"அப்போ தொள்ளாயிரத்து அம்பது?"

"அது விகிதம் சார். பணம் மாத்துற விகிதம்."

"எண்பதுன்னுதானே செய்தியில சொன்னாங்க மேடம்?"

"அது பார்க்கிறதுக்கு சார். எங்களோடது கொடுக்கிறதுக்கு."

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. முப்பது வருஷத்தில் பார்க்கிறதுக்கு ஒரு அளவு, வெட்டுகிறதுக்கு ஒரு அளவு என்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவளே இரக்கப்பட்டு மேலாளர் அறைக்கு அழைத்துப்போனாள்.

மேலாளர் பொறுமையான மனிதர். எதிரே இருப்பவருக்குப் புரியாதவரைக்கும் அவருடைய பொறுமை தீராது. மாஸ்டர் செலுத்தியது நம் பணம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் நம் பணம் வெளிநாட்டுக்குப் போயிற்று. வெளிநாட்டுக்குப் போன எதுவும் வெளிநாட்டுத்தனம் அடைவது இயல்பு. அதனால் முதலில் கடைக்காரர் தம் விகிதப்படி மாற்றினார். மாற்றிய பணம் எல்லை தாண்டியதால் வங்கி ஒருமுறை மாற்றியது. திரும்பி வருகையில் வரும் வழியின் விகிதம் வேறு என்பதால் இன்னொரு முறை மாற்றியது. இத்தனை மாற்றங்களையும் வங்கி ஒரு காசு கட்டணம் இல்லாமல் செய்து கொடுத்ததை வாடிக்கையாளர்கள் யாரும் பாராட்டுவதில்லை என்று சொல்லி அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

"இதையெல்லாம் முன்னாடியே யாரும் சொல்லலையே சார்," என்றார் மாஸ்டர்.

"சொல்லியிருக்கோம் மாஸ்டர். கணக்கு திறக்கும்போது கொடுத்த நிபந்தனையில, நாற்பத்தோராவது பிரிவு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அதை யாரு சார் படிக்கிறாங்க?"

"அதுதான் எங்களுக்கும் ஆச்சரியம்."

வெளியே வரும்போது மகிழ்ச்சி மேசைப் பெண் ஒரு சின்னத் திரையை நீட்டி, சேவைக்கு நட்சத்திரம் கொடுக்கச் சொன்னாள். மாஸ்டர் கோபத்தில் ஒரே ஒரு நட்சத்திரத்தை அழுத்தினார். 'தாங்கள் வழங்கியது நாலரை. நன்றி' என்று திரை சொன்னது. இது என்ன கூத்து என்று கேட்டதற்கு, அது சராசரிக்கு மாற்றிக் காட்டும், அதற்கும் கட்டணம் கிடையாது என்றாள்.

மாஸ்டர் மனு எழுதிப் போட்டார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. தங்கள் மனு உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது என்றும், பரிசீலித்ததில் பரிசீலிக்க ஏதுமில்லை எனக் கண்டறியப்பட்டது என்றும், இதனால் தாங்கள் அடைந்த மகிழ்ச்சியில் வங்கியும் பங்குகொள்கிறது என்றும் இருந்தது. மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பேசாமல் காஜாவுக்கு ஊசி கோத்தாள். பேசியிருந்தால்கூடத் தேவலை என்று மாஸ்டருக்கு இருந்தது.

இந்த நேரத்தில்தான் வங்கியின் தலைமையகம் சீருடை விஷயத்தில் இறங்கியது. தோற்ற ஆலோசகர்கள் ஆறு மாதம் ஆராய்ந்து, வாடிக்கையாளரின் நம்பிக்கை ஊழியரின் பேன்ட் நிறத்தில் அடங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். அந்த நிறத்துக்கு 'நம்பிக்கைச் சாம்பல்' என்று பெயர். கிளையில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு மூன்று செட். துணி தலைமையகத்திலிருந்து வரும். தையல் கூலி யார் குறைவாகச் சொல்கிறாரோ அவருக்கு. இம்மி மாஸ்டர்தான் குறைவாகச் சொன்னார்.

சொல்லிவிட்டு நேரே பக்கத்து அச்சகத்துக்குப் போய்ப் புது ஆர்டர் படிவம் அடிக்கக் கொடுத்தார். பின்பக்கத்தில் இருபது நிபந்தனைகள். எழுத்து இவ்வளவு பொடியாக இருந்தால் யாராலும் படிக்க முடியாதே என்று அச்சகக்காரர் தயங்கினார். படிக்கிறதுக்கு இல்லை, கையெழுத்துப் போடுகிறதுக்கு என்றார் மாஸ்டர்.

பதினாலாவது நிபந்தனை இது: 'வாடிக்கையாளரின் இடத்தில் எடுக்கப்படும் அளவுகள், துணி வெட்டப்படும்போது கடையின் அன்றைய இன்ச் விகிதப்படி மாற்றப்படும்.'

மேலாளர் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் பன்னிரண்டு பேருக்கும் இம்மி பிசகாமல் அளவெடுத்தார். பிறகு கடைக்குப் போய் அன்றைய விகிதத்தை நிர்ணயித்தார். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. தொள்ளாயிரத்து ஐம்பது பெறுமான துணி எவ்வளவோ அவ்வளவு மிச்சமாக வேண்டும். அதற்கு இன்ச் எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவு குறைந்தது. மிச்சத்தைப் பை தைக்கிற ஒருவர் வாங்கிக்கொண்டு, எண்ணித் தொள்ளாயிரத்து ஐம்பது கொடுத்தார். அதை வாங்கி மனைவி கையில் வைத்தபோது மாஸ்டருக்கு மூன்று மாதமாக அடைத்திருந்த மூச்சு திரும்பியது.

சீருடை போய்ச் சேர்ந்த மறுநாள் மேலாளரே கடைக்கு வந்துவிட்டார். பேன்ட் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நின்றது. கையைத் தூக்கினால் சட்டைக் கை முழங்கைக்குப் போனது.

"நாளைக்கு வட்டார மேலதிகாரி வர்றார் மாஸ்டர். இதென்ன, எனக்கு நீளம் நாற்பதுன்னுதானே அளவெடுத்தீங்க?"

"நாற்பதுதான் சார். அது உங்க ஆபீஸ் இன்ச். இங்க வந்து கடை இன்ச்சுக்கு மாறிச்சு."

"இன்ச்சுன்னா எல்லாம் ஒண்ணுதானே?"

"டேப்ல இருக்கிறது பார்க்கிறதுக்கு சார். என்னோடது வெட்டுறதுக்கு. மாத்தினதுக்குக் கட்டணம் எதுவும் வாங்கல."

மேலாளர் குனிந்து பேன்ட்டின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். உள்மடிப்பைப் பிரித்து விட்டால் இறங்காதா என்று கேட்டார்.

"பிரிக்கலாம் சார். ஆனா கடை இன்ச்சிலிருந்து ஆபீஸ் இன்ச்சுக்குத் திரும்பப் போகணும். வர்ற வழி விகிதம் வேற. இன்னும் ரெண்டு விரல் குறையும்."

மேலாளர் முகத்தில் கோபம் வரவில்லை. தொழில் தெரிந்தவரை இன்னொரு தொழில் தெரிந்தவர் பார்க்கும் பார்வைதான் வந்தது. அவர் பதினாலாவது நிபந்தனையைக் கண்ணாடி போட்டுப் படித்தார், பெருமூச்சு விட்டார், போய்விட்டார்.

வட்டார மேலதிகாரி வந்தார். பன்னிரண்டு ஜோடிக் கணுக்கால்களும் வரிசையில் நின்றன. அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். மேலாளர் வாயில் வந்ததைச் சொன்னார்.

"வெளிப்படைத்தன்மை சார்."

மேலதிகாரியின் புருவம் ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்று யோசித்தது. பிறகு அவர் மேலாளரின் கையைக் குலுக்கினார். மாதக் கடைசிக்குள் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. நமது வங்கியில் மறைப்பதற்கு ஏதுமில்லை என்பதைப் பொதுமக்களுக்கு உணர்த்தும் பொருட்டு, அனைத்துக் கிளைகளின் ஊழியர்களும் கணுக்காலை நாலு விரற்கடை வெளிப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தோற்ற ஆலோசகர்கள் இது தாங்கள் முன்பே சொன்னது என்று தெரிவித்து அதற்கொரு பில் அனுப்பினார்கள்.

அப்புறம் அது ஊரைப் பிடித்துக்கொண்டது. கணுக்கால் தெரியாதவன் எதையோ மறைக்கிறான் என்று பேச்சாயிற்று. கல்யாண மாப்பிள்ளை முதல் கணக்கு வாத்தியார் வரை மாஸ்டர் கடையில் வரிசையில் நின்றார்கள். துணி குறைவு, கூலி அதிகம். வெளிப்படையாகத் தைப்பதற்கு வேலைப்பாடு கூடுதல் என்று மாஸ்டர் விளக்கினார். மறக்காமல் எல்லாரிடமும் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்.

படிவம் பரவாமல் இருக்குமா? மளிகைக்காரர் கடையின் அன்றைய கிலோ என்று எழுதிப் போட்டார். பால்காரர் லிட்டரைப் போகிற வழி, வருகிற வழி என்று பிரித்தார். வாத்தியார் தரும் ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷத்துக்கு மாறியது. யாரும் கட்டணம் வாங்கவில்லை. வாங்காததற்கு எல்லாரும் தனித்தனியாகப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். மாலையில் வாசலுக்கு வாசல் கணுக்காலைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். கொசுக்களுக்கு அப்படியொரு நல்ல காலம் அதுவரை வந்ததில்லை.

ஒருநாள் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்க மாஸ்டர் அளவெடுத்தார். நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டுத் திரும்பியபோது, மனைவி சமையலறை டப்பாவிலிருந்து ஒரு சின்ன டேப்பை எடுத்து அதே ஜன்னலை மறுபடி அளந்துகொண்டிருந்தாள்.

"அதான் சொன்னேனே, நாற்பத்திரண்டு."

"உங்க நாற்பத்திரண்டு கடைக்குங்க. வீட்டுக்கு நான் வேற வெச்சிருக்கேன்."

முப்பது வருஷத்தில் அவரை அளந்து பார்த்த முதல் ஆள் அவள். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே மகளும் நாலு தோழிகளும் சேர்ந்து வெளிநாட்டுக் கடையில் கணுக்கால் பேன்ட் வரவழைத்தார்கள். அப்பாவே தைப்பாரே என்றதற்கு, அப்பா தைப்பது உள்ளூர்க் கணுக்கால் என்றாள் மகள். தோழிகள் திரையில் கண்ட விலையைக் கையில் கொடுத்தார்கள். பணம் போனது மாஸ்டர் கணக்கிலிருந்து. வங்கியின் செய்தி வந்ததும் அவர் காகிதத்தை எடுத்து, போன பணத்திலிருந்து தோழிகள் கொடுத்ததைக் கழித்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. தொள்ளாயிரத்து ஐம்பது.

மறுநாள் மகிழ்ச்சி மேசையின் எதிரே போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் கணுக்காலைச் சொறிந்தபடியே கணினியைத் தட்டினாள். கட்டணம் எதுவும் இல்லை சார் என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். இழுப்பறையிலிருந்து அவருடைய கடைப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அடுத்த செட் சீருடைக்காக மேலாளர் அன்று காலையில்தான் கையெழுத்துப் போட்டது.

"உங்களுக்குத் தெரியாததா சார்?" என்றாள். குரலில் கேலி இல்லை. உண்மையான மரியாதைதான் இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எழுந்தபோது வழக்கம்போலச் சின்னத் திரையை நீட்டினாள். மாஸ்டர் கொஞ்சம் யோசித்து ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தினார். 'தாங்கள் வழங்கியது நாலரை. நன்றி' என்றது திரை.

மிச்சம் அரை எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை.