ஹீட்டர் ரசம்

மாமனாருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்த மாப்பிள்ளைகள் உண்டு. மோதிரம் போட்டவர்கள்கூட உண்டு. மாமனாரைச் சுடச்சுட ரசத்தில் குளிப்பாட்டியவன், எனக்குத் தெரிந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது கண் காது மூக்கு வைத்து உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை.

மாமனார் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்குப் பெண் கொடுத்தபோது நான் திருச்சியில் ஒரு கம்பெனியில் மாதச் சம்பளக்காரன். கல்யாணமான மூன்றாம் வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டு, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற மாதிரி ஒரு கேம்பர் வண்டி கட்டினேன். உள்ளே மூன்று படுக்கை, ஓர் அடுப்பு, ஒரே ஓர் ஆள் நின்று குளிக்கிற மாதிரி ஒரு குளியலறை, பதினைந்து லிட்டர் வாட்டர் ஹீட்டர். ஊர் சுற்றுகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம்.

"வீடு இருக்கையில எவன் டப்பாக்குள்ள போயிப் படுப்பான்?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார் மாமனார். அதோடு சரி. அதற்குப் பிறகு என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருடைய கோபம் கத்துகிற கோபமில்லை. பந்தியில் நான் எதிரேதான் உட்கார்ந்திருப்பேன். "கவிதா, ஒங்க வீட்டுக்காரருக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வையி" என்பார் மகளிடம். "போதும் மாமா" என்பேன் நான். "போதுமாம், கேட்டுக்க" என்பார், அதையும் மகளிடமே. (கவிதாவுக்குப் பெண்டாட்டி வேலையோடு தபால்காரர் வேலையும் சேர்ந்துகொண்டது.) இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது சிரிப்பாக இல்லை. எனக்குச் சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். பெண் பார்க்கப் போன அன்றைக்கு இவர் வாசலுக்கே வந்து "வாங்க மாப்ள" என்று கூப்பிட்டதை நான் மனசுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையை மறுபடி கேட்க வேண்டும் என்று ரெண்டு வருஷம் ஏங்கினேன்.

இதற்கு நடுவில் அத்தையும் தவறிவிட்டார். மாமா வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் கவிதாதான் சொன்னாள், "அப்பாவ நம்ம வண்டியில மீமிசலுக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்று. மாமா வருஷக்கணக்காக மீமிசல் லைனில் ஓட்டியிருக்கிறார். ஆனால் அங்கே கடலில் கால் நனைத்ததில்லை. "வண்டியத் திருப்பிப் போட்டு ஒரு டீயக் குடிச்சா டைம் சரியாப் போகும். இதுல கடல எங்க பாக்குறது?" என்பார்.

ரொம்பக் கெஞ்சிய பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அவர் விட மாட்டார். சர்வீஸில் இருந்தபோது டூட்டியை மாற்றிக்கொண்டாவது குளித்தவர். அத்தை இருந்தவரை வெந்நீர் வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டதேயில்லை. அண்டாவில் தயாராக இருக்கும். "சனிக்கிழமை வெந்நி உண்டான்னு ஒங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டுச் சொல்லு" என்றார். "அதெல்லாம் ஹீட்டர் இருக்கு மாமா, குழாயத் திறந்தா கொட்டும்!" என்றேன். எது கொட்டும் என்று அப்போது எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் மீமிசல் பக்கத்தில் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தினோம். மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்து ஹீட்டரைப் போட்டேன். உள்ளே சோளம் பொரிகிற மாதிரி சத்தம். ஒரு மணி நேரம் கழித்துக் கையை வைத்தால், குழந்தைக்குக் கொடுக்கிற பால் சூடுகூட இல்லை. காரணம் எனக்குப் புரிந்தது. போன இடத்திலெல்லாம் கிடைத்த போர்வெல் தண்ணீரை ரொப்பி ஓட்டியதில், சூடேற்றும் கம்பி மேல் உப்பு கனமாகப் படிந்துவிட்டது. வினிகரை ஊற்றிக் காய்ச்சினால் உப்பு கரைந்துவிடும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். தோப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கடையில் வினிகர் கேட்டதற்கு, "அது எந்த ஊரு சாராயம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வினிகர் என்பது என்ன? புளிப்பு. நம்மிடம் இல்லாத புளிப்பா? பித்தளை அண்டாவையே பளபளக்க வைக்கிற புளி, ஒரு பிசாத்து ஹீட்டரைச் சுத்தம் செய்யாதா?

மீன் குழம்புக்காகக் கவிதா எடுத்து வந்திருந்த அரை கிலோ புளியை முழுசாகக் கரைத்தேன். வடிகட்டினேனா என்று கேட்காதீர்கள். கையால் பிழிந்து சக்கையை எடுத்துவிட்டதாக அன்றைக்கு நம்பினேன். அதை ஹீட்டருக்குள் ஊற்றிச் சூடாக்கி, ராத்திரி முழுக்க ஊற விட்டேன்.

சனிக்கிழமை காலை புளி டப்பாவைத் திறந்து பார்த்த கவிதா, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு மீனும் புளியும் வாங்கப் போனாள். நான் ஹீட்டரின் அடியில் இருந்த வடிகால் திருகைக் கழற்றினேன். கொஞ்சம் கறுப்புத் தண்ணீரும் வெள்ளைப் பொருக்கும் வந்து நின்றன. காலியாகிவிட்டது என்று முடிவு செய்து திருகை மூடினேன். அடுத்து, ஹீட்டர் டேங்குக்கு நல்ல தண்ணீர் ஏற்றப் பம்பைப் போட்டேன். கால் நிமிஷத்தில் டேங்க் நிரம்பிப் பம்ப் நின்றது. என்ன வேகம் என்று பம்பை மெச்சினேன். (இந்த இடத்தில் மூளை உள்ள யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும்.) ஹீட்டரைப் போட்டுச் சூடாக்கினேன். குழாயை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். நல்ல தண்ணீர் வீணாகுமே என்று பார்க்கவில்லை.

மாமா உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டும் சீயக்காய்க் கிண்ணமுமாகக் குளியலறைக்குள் போனார். கதவு மூடியது. தண்ணீர் விழுந்தது. சட்டென்று நின்றது.

"வெளியில யாரு இருக்கா?"

"நான்தான் மாமா."



"கவிதா வந்துட்டாளா?" என்று கதவைக் கேட்டார்.

"இல்ல மாமா. மீன் வாங்கப் போனவ இன்னும் வரல. அரை மணி நேரம் ஆகும்."

ரெண்டு வருஷ ரோஷத்தை இன்னும் அரை மணி நேரம் காப்பாற்றலாமா என்று அவர் உள்ளே யோசிப்பது எனக்கு வெளியே கேட்டது. அதற்குள் கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் சமையல்கட்டிலிருந்து வருமே, அந்த வாசனை.

கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு மாமா நின்றார். தலையிலிருந்து பழுப்பாக வடிந்துகொண்டிருந்தது. ஒரு காதில் புளி நார் தொங்கியது. மீசையிலும் கொஞ்சம். விரலால் கன்னத்தை வழித்தார், நாக்கில் வைத்தார், நிதானமாகச் சப்புக்கொட்டினார்.

"மாப்ள" என்றார்.

ரெண்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை, இப்படி ஒரு கோலத்திலா வர வேண்டும்?

"ரசம் நல்லாத்தான் இருக்கு. பெருங்காயம் போட மறந்துட்டீங்க."

நான் கையைக் கூப்பிவிட்டேன். போர் தண்ணீர், உப்பு, வினிகர், அண்டா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன். "மன்னிச்சிருங்க மாமா" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் மாமாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒங்க அத்தை மட்டும் இருந்திருந்தா, இந்நேரம் சிரிச்சு உருண்டிருப்பா மாப்ள" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புளி பட்டுவிட்டது என்றார். நானும் புளிதான் என்று வைத்துக்கொண்டேன்.

மோட்டார் குழாயடியில் உட்கார்ந்து பச்சைத் தண்ணீரில் உடம்பை அலசினார். சீயக்காயைத் தொடவேயில்லை. "எண்ணெய் ஒரு சொட்டு நிக்கல மாப்ள, சும்மா சொல்லக் கூடாது" என்று கையைத் தடவிப் பார்த்தார். தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரிதான் இருந்தார்.

கவிதா மீன் பையோடு திரும்பி வந்தபோது, கரண்டைப் பிடுங்கிவிட்டு நாங்கள் ரெண்டு பேரும் வண்டிக்கு அடியில் மல்லாந்து, ஹீட்டரின் வடிகால் ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தோம். மேலே குழாயைத் திறந்து காற்று விடாமல் கீழே மட்டும் திறந்தால் டேங்க் முழுசாக வடியாது என்பதும், வடிகால் ஓட்டையைப் புளி நாரும் உப்புக் கட்டியும் சேர்ந்து அடைத்திருந்தன என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது.

"கம்பிய இங்கிட்டுத் தள்ளுங்க மாப்ள."

"அங்கிட்டுத்தான் மாமா வளையுது."

"வளையாது. நான் ரேடியேட்டர்ல இதவிட மோசமாப் பார்த்தவன். விடுங்க, நான் பாக்குறேன்."

பெரிய நார்ப்பந்து ஒன்று, முழுப் புளியங்கொட்டை ஒன்று, அதற்குப் பின்னால் மீதி ரசம் முழுவதும் எங்கள் ரெண்டு பேர் நெஞ்சிலும் கொட்டியது. கவிதா கொஞ்ச நேரம் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இனிமே எனக்கு வேலையில்லயா?" என்றாள். சிரிக்க நினைத்தாள், அழுதுவிட்டாள்.

"இருக்கு. அந்தப் புளிய ஒங்க வீட்டுக்காரர் கண்ணுல படாம ஒளிச்சு வையி" என்றார் மாமா, என்னைப் பார்த்துக்கொண்டே.

சாயங்காலம் மூன்று பேரும் கடலுக்குப் போனோம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றார். குனிந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். "இதுல உப்பு ஜாஸ்தி மாப்ள" என்றார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷமாகிறது. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் என் இலைக்கு ரசம் வரும்போது, "வாளி ரசமா, ஹீட்டர் ரசமா?" என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. நான் இல்லாத பந்தியிலும் கேட்கிறார்களாம். கேட்டுவிட்டுப் போகட்டும்.

வாடகைக்குப் போகிற நாட்களில் இப்போது ஜீப்பை ஓட்டுவது மாமாதான். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். கிளம்புவதற்கு முன்னால் டயரைத் தட்டிப் பார்ப்பார். கொக்கியை இழுத்துப் பார்ப்பார். கடைசியாக வண்டிக்குள் ஏறி வெந்நீர்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து நாக்கில் வைப்பார். வாடகைக்கு வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் முழிப்பார்கள். நான் மட்டும், தெரிந்த பதில்தான் என்றாலும், அந்தக் கடைசி வார்த்தைக்காக ஒவ்வொரு தடவையும் காத்துக்கொண்டு நிற்பேன்.

"வெறுந் தண்ணிதான். கெளம்பலாம் மாப்ள."