தெற்கே பார்க்காத சைக்கிள் லைட்

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் போதும், எரியோட்டுக்கு வெளியே லைட் சாமியாரின் கொட்டகை முன்னால் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும். வேடசந்தூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். மனுஷனுக்கு ஜாதகம் பார்த்தாயிற்று, மாட்டுக்கும் பார்த்தாயிற்று, மிச்சம் இருந்தது சைக்கிள் லைட் ஒன்றுதான். அதையும் விட்டுவைப்பானேன்?

இது நடந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். அதற்கு முந்தின வருஷம்தான் ரஷ்யாக்காரன் ஒரு நாயை ராக்கெட்டில் ஏற்றி வானத்துக்கு அனுப்பினான். அந்த நாயை எந்தத் திசை பார்த்து உட்கார வைத்தான் என்று நம் ஆட்கள் யாரும் விசாரிக்காமல் விட்டது பெரிய அதிசயம்.

கதை தொடங்கியது முனியப்பன் பாலத்தில். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் சம்பங்கி கொண்டுபோகிறவர்கள் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். பாலத்துக்கு ஏறும் ரோடு நல்ல மேடு. மேட்டில் மிதிக்க மிதிக்க, லைட் மங்கிக்கொண்டே வரும். "முனி வெளிச்சத்தை உறிஞ்சுறான்டோய்!" என்று பதறி, பக்தியோடு சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிடுவார்கள். இறங்கினதும் லைட் சுத்தமாக அணைந்துவிடும். முனி இருப்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

சாட்சி கிடைத்தால் சாமியார் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று ஊர் நினைத்தது. வந்தவர் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "தெற்கு எமன் திசை. லைட்டு தெற்கே பாத்தா முனி கண்ணுல படும். அணைச்சுப்புடுவான். லைட்டை வடக்கே பாக்க வையி!"

எரியோட்டுக்குத் திண்டுக்கல் தெற்கே இருக்கிறது. அதனால் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் லைட்டைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டார்கள். ஒன்றேகால் ரூபாய் காணிக்கை வாங்கிக்கொண்டு, சாமியாரே தன் கையால் மந்திரித்துத் திருப்பி முடுக்கிக் கொடுத்தார். வெளிச்சம் ரோட்டில் விழவில்லை, ஓட்டுகிறவனின் வயிற்றில் விழுந்தது. திரும்பி வரும்போது லைட் முன்னால் பார்க்கும், வாஸ்தவம். ஆனால் அப்போது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்.

இதில் இன்னொரு லாபமும் சாமியாருக்கு வந்தது. எதிரே நடந்து வருகிறவர்களுக்கு, இருட்டில் தலையும் காலும் இல்லாமல் ஒரு வயிறு மட்டும் மிதந்து வருவதாகத் தெரிந்தது. அலறி அடித்து ஓடினவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டகைக்கு வந்து வரிசையில் நின்றார்கள்.

மூக்காயிக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவள் புருஷன் சடையாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மாட்டுவண்டியில் போய் முட்டிக்கொண்டு, இரண்டு முன்பல்லைக் கையில் பொறுக்கிக்கொண்டு வந்த நாள் வரைக்கும். போன மாதம் இன்னொரு பூக்காரன் பொம்மையன் பாலத்துக்கடியில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். இப்போது இவன். அடுத்தது பல்லோடு போகுமா, உயிரையே கொண்டுபோகுமா?

"ஏய்யா, லைட்ட முன்னுக்குத் திருப்பி வையி" என்றாள்.

"சும்மா கெட. சாமி திருப்பாம இருந்திருந்தா தலையே போயிருக்கும். பல்லோட போச்சேன்னு சந்தோசப்படு."

தப்பிப் பிழைத்த பல்லெல்லாம் சாமியார் கணக்கு, உடைந்த பல் சடையாண்டி கணக்கு. ஞாயிற்றுக்கிழமை கல்யாண முகூர்த்தம், அதற்குச் சனிக்கிழமை விடியுமுன் பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். இரண்டு கூடை சம்பங்கியோடு அதே வயிற்று வெளிச்சத்தில் அவன் கிளம்பப் போகிறான்.

சங்கிலிக்கு எண்ணெய் போட அவள்தான் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றுவாள். வியாழக்கிழமை சாயங்காலம் சுற்றும்போது லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் டைனமோவும் டயரில் ஒட்டிச் சுற்றியது. வேகமாகச் சுற்றினாள், லைட் பளிச்சென்று எரிந்தது. மெதுவாகச் சுற்றினாள், மங்கியது. கையை எடுத்தாள், அணைந்தது. மறுபடி சுற்றினாள். அவள் வீட்டு முற்றத்தில் பாலமும் இல்லை, முனியும் இல்லை. மேட்டில் லைட் மங்குவது எதனால் என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

சடையாண்டியைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். முகம் வெளிறியது.

"ஆத்தாடி, முனி நம்ம வீட்டுக்கே வந்துட்டானா?"

இனி இவனிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று அவள் முடிவுகட்டினாள். மறுநாள் காலையில் முகமது பாரூக்கின் சைக்கிள் கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் சொன்னா எவன் கேக்குறான் தாயி?" என்றார் பாரூக். "ஸ்குரு திருப்ப நான் காலணா கேட்டா பேரம் பேசுறான். அங்க ஒன்னேகால் ரூவா குடுத்துட்டுக் கால்ல விழுகுறான்."

"ஆனா சாமியாரு சைக்கிள் மட்டும் நின்னாலும் எரியுதே பாய்? அதப் பாத்துத்தானே ஊரே மயங்கிக் கெடக்கு."

பாரூக் சிரித்தார். "டார்ச்சு லைட்டு இல்லாத மனுசன், வாரா வாரம் எங்கிட்ட மூணு பேட்டரிக் கட்டை வாங்குறாரு. எதுக்குன்னு நான் கேக்கல. நீ வேணா கேட்டுப் பாரு."

அன்று சாயங்காலம் கொட்டகையில் எள் போட்டால் விழ இடமில்லை. தெற்குச் சுவரோரம் சாமியார் உட்கார்ந்திருந்தார். நடுவில் அவருடைய சைக்கிள் வடக்கே பார்த்து ஸ்டாண்டில் நின்றது. லைட்டைச் சுற்றிச் சிவப்புப் பட்டு. சீடன் சோலைமுத்து ஏறி உட்கார்ந்து மிதித்தான். லைட் எரிந்தது. சாமியார் கையைத் தூக்கினார். சீடன் மிதிப்பதை நிறுத்தினான். சக்கரம் நின்றது. லைட் நிற்கவில்லை.

"அரோகரா!" என்று கொட்டகை அதிர்ந்தது. சடையாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான். பல் போன இடம் வலித்திருக்கும், ஆனாலும் போட்டுக்கொண்டான்.

மூக்காயி எழுந்தாள். "சாமி, ஒரு சந்தேகம். லைட்டு தெற்கே பாத்தா அணைஞ்சிரும்னு சொன்னீக."

"ஆமா தாயி. கண் இமைக்கிற நேரத்துல அணைஞ்சிரும்."

"செத்த இதத் திருப்பிப் பாப்பமா?"

சாமியார் பதில் சொல்வதற்குள் அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துச் சைக்கிளை அப்படியே சுழற்றி நிறுத்தினாள். சோலைமுத்து தடுமாறிக் கீழே குதித்தான். லைட் தெற்கே பார்த்தது. அணையவில்லை. நேரே சாமியார் மூஞ்சியில் அடித்தது. முனிக்குக் கூசாத கண், சாமியாருக்குக் கூசியது.

"இது... இது மந்திரிச்ச லைட்டு" என்றார் சாமியார். "இது எங்க வேணா பாக்கும்."

"எம்புருசன் லைட்டையும் நீங்கதானே மந்திரிச்சீக? அது ஏன் ரோட்டப் பாக்கக் கூடாது?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமியார் எழுந்து நின்றார். "அந்தப் பட்டுத்துணியத் தொட்டவ ரத்தம் கக்கிச் சாவா!"

மூக்காயி நீட்டின கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பொய் என்று தெரிந்தாலும் பயம் உடனே போய்விடாது. சடையாண்டி, "வேணாம்டி, எனக்கு நீ வேணும்டி" என்று கத்தினான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதைக் கேட்டதும் அவளுக்கு வீறாப்பு கூடிவிட்டது. துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

மூன்று பேட்டரிக் கட்டைகள் விழுந்து உருண்டன. ஒன்று ஊர்ப் பெரியதனக்காரர் காலடியில் போய் நின்றது. அது விழுந்ததும்தான் லைட் அணைந்தது. மூக்காயி ஒரு செகண்டு காத்திருந்தாள். ரத்தம் வரவில்லை. காறித் துப்பிப் பார்த்தாள், வெற்றிலைச் சாறுதான் வந்தது.

"தெற்கே பாத்ததால அணையல சாமியோவ்! கட்டை கழண்டதால அணைஞ்சுச்சு!" என்றாள்.

திரும்பிப் பார்த்தபோது சாமியாரைக் காணோம். பின்பக்கக் கீற்றைப் பிரித்துக்கொண்டு போயிருந்தார். இருட்டில் எந்தத் திசை என்று பார்த்து ஓடியிருக்க மாட்டார்.

அன்றே பாரூக் சடையாண்டியின் லைட்டை முன்பக்கம் திருப்பினார். அதோடு விடவில்லை. ஹேண்டில்பாரில் பூக்கூடை கட்டுகிறவனுக்கு லைட் மேலே இருந்தால் கூடைதான் வெளிச்சம் குடிக்கும் என்று சொல்லி, கீழே முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில் இறக்கி மாட்டி, ரோட்டைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்தும் வைத்தார். கல் தெரிந்தது, பள்ளம் தெரிந்தது. சனிக்கிழமை சடையாண்டி மிச்சப் பல் அத்தனையோடும் வீடு வந்து சேர்ந்தான். பாலத்து மேட்டில் லைட் மங்கியது. அவன் இறங்கவில்லை, இன்னும் அழுத்தி மிதித்தானாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம். அடுத்த வெள்ளிக்கிழமை மூக்காயி வீட்டு வாசலில் முப்பது சைக்கிள் நின்றது. கையில் தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம். முன்னால் நின்றவன் காலை முறித்துக்கொண்ட பொம்மையன்தான்.

"ஆத்தா, சாமியாரையே ஜெயிச்ச சக்தி நீ. எங்க லைட்ட உன் கையால ஒரு தடவ தொட்டுக் குடு."

மூக்காயி வாசலுக்கு வந்தாள். முப்பது சைக்கிளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒன்றில்கூட லைட் இன்னும் முன்னால் திரும்பியிருக்கவில்லை.

"தேங்காயக் குடுத்துட்டுப் போங்கப்பு, சோத்துக்கு வெஞ்சனம் வைக்க ஆகும்" என்றாள். "லைட்டத் திருப்ப பாரூக் பாய்கிட்டப் போங்க, காலணா. கழுத்துக்கு மேல ஒன்னு வெச்சிருக்கீகளே, அதத் திருப்புறதுக்கு எந்தக் கடையிலயும் ஆள் கெடையாது. அத நீங்களேதான் திருப்பிக்கணும்."