ஊதா வெளிச்சத்துக் குஞ்சுகள்

"கேதீசண்ணை, உதென்ன உங்கடை சாமான் அறைக்குள்ளை ஊதா வெளிச்சம்?"

வேலிக்கு மேலே சுவர்ணாவின் தலை மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி. அவள் கண்ணுக்குத் தப்பி அந்த ஒழுங்கையில் ஒரு பூசணிப் பிஞ்சுகூடக் காய்த்ததில்லை.

கேதீஸ்வரன் தண்ணீர்ச் செம்போடு அறை வாசலில் அப்படியே நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். உண்மைதான் முதலில் புறப்பட்டது.

"அது பிள்ளை... கஞ்..."

"என்ன?"

"குஞ்சு! கோழிக்குஞ்சு வளக்கிறன். அதுகளுக்குச் சூடு வேணுமெல்லே, அதுதான் லைற்."

"அட, அப்ப எனக்கும் நாலு பேட்டுக்குஞ்சு தாங்கோ."

தலை வேலிக்குக் கீழே போனது. கேதீஸ்வரன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். எல்.ஈ.டி. விளக்கின் கீழே, பழைய தயிர்ச் சட்டிகளில், விரல் உயரத்துக்குக் கஞ்சாச் செடிகள் நின்றன. குஞ்சு ஒன்றுகூட இல்லை.

கேதீஸ்வரன் மேசனுக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கிறவர். அந்த வேலை செய்கிறவரை யாழ்ப்பாணத்தில் முட்டாள் என்பார்கள். பேர்தான் அப்படி, வேலை முதுகை முறிக்கும். சுருட்டுக்கூடப் பற்றாத மனுசன். அவர் கஞ்சா வளர்க்க வந்ததற்குக் காரணம், மனைவி மீனாம்பிகைக்கு நித்திரை இல்லாமல் போனதுதான்.

முன்பெல்லாம் அவளும் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்வருவாள். படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பமாட்டாள். கருப்பை எடுத்த ஒப்பரேசனோடு வேலை நின்றது. காயம் ஆறிவிட்டது, இனிச் சாப்பிட்டு நல்லாய் நித்திரை கொண்டால் காணும் என்று டொக்டர் சொன்னார். சாப்பாடு ஓரளவு இறங்கியது. நித்திரைதான் வரவில்லை. விடிய அவர் கண் விழிக்கும்போதெல்லாம் அவள் சுவரோடு சாய்ந்து குந்தியிருந்தாள். கண்ணுக்குக் கீழே சட்டிக்கரி பூசினதுபோலக் கறுப்பு. சட்டை தோளில் நிற்கவில்லை.

"இஞ்சரப்பா, நோகுதே?"

"இல்லை."

"அப்ப என்ன யோசினை?"

"ஒண்டுமில்லையப்பா. நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வேலைக்குப் போங்கோ."

அவர் போவார். தலையில் கல் இருக்கும்போது பாரம் தெரியாது. கல்லை இறக்கி வைத்ததும் நெஞ்சில் ஏதோ ஏறி இருந்துகொள்ளும். இப்படியே தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் இவள் இல்லாமல் போனால்?

மாபிள் பதிக்கிற றஜிந்தன்தான் வழி சொன்னான்.

"வெளிநாட்டிலை உதை மருந்தெண்டே குடுக்கிறாங்களண்ணை. ரெண்டு இலை அவிச்சுக் குடுங்கோ, அக்கா அடிச்சுப்போட்ட மாதிரிக் கிடப்பா."

"ஊர் காணுமேடா."

"உள்ளுக்கை வையுங்கோ. ஊதா லைற் போட்டால் வெயிலே தேவையில்லை. விதையும் லைற்றும் நான் கொண்டந்து தாறன்."

"பொலிஸ் பிடிச்சால்?"

"என்ரை பேரைச் சொல்லாதேங்கோ."

மனைவிக்கும் சொல்லாமல்தான் தொடங்கினார். ஆனால் குஞ்சுக் கதை, சுவர்ணா வழியாக, மத்தியானச் சோறு வேகமுன்னமே குசினிக்கு வந்துவிட்டது.

"எனக்கொரு சொல்லுச் சொல்லாமல் குஞ்சு வாங்கினியளே?" மீனாம்பிகையின் முகத்தில் கன நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு. "காட்டுங்கோவன்."

"இப்ப வேண்டாம். ஆள் பழகேல்லை, பயந்திடும்."

"ஒரு கீச்சுச் சத்தமும் கேக்கேல்லை?"

"நல்ல சாதிக் குஞ்சு. கத்தாது."

வெளிச்சம் வெளியே போகாமல் இருக்க யன்னலில் சீமெந்துப் பை கட்டினார். பை விளக்கு வயரில் முட்டிப் பொசுங்கியது. நல்ல காலம், கையால் அடித்து அணைத்தார். இனி இந்த அறையை ஆளில்லாமல் விட ஏலாது என்று பயம் பிடித்தது.

"குஞ்சுக்குக் கீரி வருமப்பா. நான் கொஞ்ச நாளைக்கு அங்கை படுக்கிறன்" என்றார், அவள் என்ன நினைப்பாளோ என்று தயங்கிக்கொண்டு.

"ஓம் ஓம், கட்டாயம் படுங்கோ" என்றாள். பாயையும் தலையணையையும் அவளே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அடுத்த நாள் விடிய அவர் வந்து பார்த்தபோது சுவரோடு அவளைக் காணவில்லை. பாயில் கிடந்தாள். குனிந்து மூக்குக்கு நேரே விரலைப் பிடித்தார். மூச்சு, சுடச்சுட, ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மீனாம்பிகை நித்திரை!

கேதீஸ்வரன் நிலத்தில் குந்திக் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவு கிறீச்சிடாமல் சாத்தி, தேத்தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போனார்.

"ஒரு இலை பிடுங்கேல்லையடா! அதுக்குள்ளை நித்திரை வந்திட்டுது!"

றஜிந்தன் மாபிளைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "காத்தண்ணை. செடியின்ரை காத்துப் பட்டிருக்கு. நான் தந்தது அப்பிடிப்பட்ட விதை."

அன்று தொடங்கி, அந்தக் காற்று அவளிடம் தடையில்லாமல் போகட்டும் என்று, சாமான் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டே படுத்தார். ஊதா வெளிச்சம் முற்றம் தாண்டி ஒழுங்கை வரைக்கும் விழுந்தது. அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மீனாம்பிகையின் முகம் புதிதாய் வெள்ளையடித்த சுவர்போலத் தெளிந்துகொண்டு வந்தது. இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

தெம்பு வந்ததும் அடுத்த வில்லங்கம் வந்தது.

"இனிக் குஞ்சுக்கு நான் தீன் போடுறன். நீங்கள் களைச்சு வாறியள்."

வேறு வழியில்லை. பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பெட்டி குஞ்சு வாங்கி வந்து அறைக்குள் விட்டார். இரண்டு குஞ்சை மட்டும் வெளியே கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். அவள் அதுகளைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டாள். நல்ல சாதி என்றது பொய். வீடு முழுக்கக் கீச்சுக் கீச்சு. சத்தம் கேட்டதும் வேலிக்கு மேலே தலை வந்தது.

"அண்ணை, என்ரை பேட்டுக்குஞ்சு? நான் உள்ளுக்கை வந்து பாத்து எடுக்கிறனே."

"வராதை பிள்ளை! குஞ்சுக்குத் தொத்து வருத்தம். ஒட்டிக்கொள்ளும்!"

வருத்தம் என்ற சொல் அன்றைக்கே ஒழுங்கையைச் சுற்றியது. எதிர்வீட்டு வாகீசன் மாஸ்ரர் ஏற்கெனவே ஊதா வெளிச்சத்தில் நித்திரை கெட்டுப்போய் இருந்தவர். அவர் ரெலிபோனை எடுத்தார்.

அடுத்த நாள் விடிய கேதீஸ்வரன் கண் விழித்தபோது அறையில் ஒரு கீச்சும் இல்லை. குஞ்சுகள் வயிறு முட்டி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. சட்டிகளில் மண் மட்டும் இருந்தது. இலையும் இல்லை, தண்டும் இல்லை.

"அட பாவியளே," என்றார். "இனி அவ எப்பிடியடா படுப்பா?"

ஒரு குஞ்சு ஒற்றைக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

வெளியே ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் கொழும்பில் பிறந்து வளர்ந்த இளம் இன்ஸ்பெக்டர்.

"பேர் என்ன?"

"கேதீஸ்வரன், சேர்."

"தொழில்?"

"முட்டாள், சேர்."

"அது பார்த்தாலே தெரியுது. தொழிலச் சொல்லுங்க."

"முட்டாள்தான், சேர். வேறை ஒண்டும் பழகேல்லை."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். விளக்கைப் பார்த்தார். சட்டியைக் கிண்டினார்.

"இதுல என்ன இருந்துச்சு?"

"கீரை, சேர். குஞ்சு திண்டிட்டுது."

"சரி, மெஷின் எங்க?"

"என்ன மிஷின்?"

"மறைக்காதீங்க. ராத்திரி பூரா இந்த அறையில மெஷின் ஓடுதுன்னு எதிர்வீட்டு மாஸ்டர் சொல்றார். கதவு திறந்திருந்ததால தெளிவாக் கேட்டுதாம். எதை அரைக்கிறீங்க?"

பாயைத் தூக்கினார்கள். கூரையைப் பார்த்தார்கள். குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துக் கீழே பார்த்தார்கள்.

"சத்தியமாய் மிஷின் இல்லை, சேர். நான்தானே ஒவ்வொரு நாளும் இஞ்சை படுக்கிறன். எனக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லை!"

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த மீனாம்பிகை, அந்தச் சொல்லைக் கேட்டதும் தட்டைத் திண்ணைக் குந்தில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

வேலிக்கு மேலே நின்ற தலைக்கு இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சேர், அது மிஷினில்லை, இவரின்ரை குறட்டை! கல்லுச் சுமந்து களைச்ச மனுசனை எழுப்ப மனமில்லாமல் மாசக்கணக்காய் முழிச்சிருந்த எங்கடை மீனாக்கா, இவர் இந்த அறைக்கு மாறினாப்பிறகுதானே கண்ணை மூடுறா!"