உள்ளிருந்து அடைத்த வீடு

“அந்த வீட்டுக்கு வேற ஆளை அனுப்பட்டுமா?” என்று போனில் கேட்டார் மேற்பார்வையாளர்.

பலகைக்காரர் வேனின் வேகத்தைக் குறைத்தார். முந்தின இரவு அடித்த சூறைக்காற்றில் ஊரில் பாதி வீடுகளுக்குக் கண்ணாடி போயிருந்தது. உடைந்த ஜன்னல், பிய்ந்த கதவு எதுவானாலும் உடனே போய்ப் பலகை வைத்து அடைத்துவிட்டு வருகிற கம்பெனியில் அவருக்கு வேலை. விடியும் முன்பே வேனை எடுத்தவர் இன்னும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இப்போது வந்திருப்பது அவருடைய மாமியார் வீட்டு விலாசம்.

“கேக்குதா? உங்க மாமியார் வீடுதானே அது? சங்கடமா இருந்தா சொல்லிடுங்க.”

“எனக்கு என்ன சங்கடம்? அவசரம்னா நாமதானே போகணும்?” என்றார் பலகைக்காரர். சொல்லி முடிப்பதற்குள் வேன் அந்தத் தெருப் பக்கம் திரும்பிவிட்டது.

சங்கடம் இல்லாமல் என்ன? மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் மனைவி கோபித்துக்கொண்டு போனது அந்த வீட்டுக்குத்தான். சண்டை ஒரு பின்கதவால் வந்தது. ஒரு வருஷமாக மூடாமல் அடம் பிடித்த கதவு. அதைச் சரி பண்ண உட்காரும்போதெல்லாம் போன் வரும். எங்கேயோ ஒரு கடைக் கண்ணாடி உடைந்திருக்கும். கழற்றிய கதவைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மனிதர் ஓடிவிடுவார்.

“ஊர்ல எவன் வீட்டு ஓட்டைன்னாலும் உங்க கண்ணுக்குத் தெரியுது. நம்ம வீட்டு ஓட்டை மட்டும் தெரியல” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது.

அவள் போன மறுநாளே கதவைச் சரி செய்துவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இப்போது அந்தக் கதவு ஒரு சத்தம் இல்லாமல் மூடியது. வீட்டிலும் ஒரு சத்தம் இல்லை. பழக்க தோஷத்தில் இரண்டு கப் டீ போட்டு இரண்டையும் தானே குடித்துவிட்டு, தூக்கம் வராமல் கிடந்தார். வாசலில் அவளுடைய பழைய செருப்பு நட்ட நடுவில் கிடந்தது. எடுத்து ஓரமாக வைக்க மனம் வராமல் தினமும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தார்.

கூப்பிட வேண்டியதுதானே என்றால், அவள் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். இவர் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒரே கடையில் வாங்கியது.

மாமியார்தான் கதவைத் திறந்தார்.

“நீங்களா? கம்பெனியில ஆள் அனுப்பறோம்னு சொன்னாங்களே.”

“நான்தான் அத்தை அந்த ஆள்.”

மாமியார் ஒரு நொடி யோசித்தார். பின்னால் திரும்பி, மூடியிருந்த ஓர் அறைக் கதவைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் மனைவியின் அறையாக இருந்தது அது. உள்ளே டிரான்சிஸ்டர் ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது.

“வாங்க. செருப்பைக் கழட்டாதீங்க, கீழே கண்ணாடி கிடக்கு. ஹால் ஜன்னல்தான் போச்சு. அதை நல்லா அடைச்சுக் குடுத்துடுங்க. ஆனா ஒண்ணு மாப்பிள்ளை, அந்த ரூம் பக்கம் மட்டும் போகாதீங்க.”

“சரி அத்தை. எல்லாரும் எப்படி இருக்காங்க?”

“எல்லாருக்கும் ஒரு குறையும் இல்ல. நீங்க ஜன்னலைப் பாருங்க.”

மாமனாரின் சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. பகலெல்லாம் பூங்காவில் சதுரங்கம் ஆடுகிறவர் அவர், அங்கே போயிருப்பார் என்று பலகைக்காரர் நினைத்துக்கொண்டார். நல்லதாகப் போயிற்று. மாமனாரை வைத்துக்கொண்டு மனைவியிடம் கெஞ்சுவதற்கு எந்த மாப்பிள்ளைக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஹால் ஜன்னல் அரை மணி நேர வேலை. கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கி, அளவெடுத்து, பிளைவுட்டை வெட்டி வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் வெளியே நின்றால் அறைக் கதவு திறந்தால் எப்படித் தெரியும்? அதனால் பலகையை வீட்டுக்குள் தூக்கிவந்தார்.

“உள்ளேயிருந்தா அடிப்பீங்க?” என்றார் மாமியார்.

“இதான் இப்போ புது முறை அத்தை” என்று கூசாமல் புளுகினார் பலகைக்காரர்.

முதல் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே அறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “அத்தை, எங்க வீட்டுப் பின்கதவைச் சரி பண்ணிட்டேன்!”

“நான் பக்கத்துலதானே நிக்கிறேன், ஏன் கத்தறீங்க?”

சட்டென்று அறைக்குள் ரேடியோ நின்றது.

பலகைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். கேட்கிறாள்! பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்! அந்தச் சந்தோஷத்தில் கையிலிருந்த ஸ்க்ரூ மெஷினை ஓர் அழுத்து அழுத்தினார். ஜன்னல் சட்டம் மேலிருந்து கீழே வரை பிளந்தது. பக்கத்தில் நன்றாக இருந்த இரண்டாவது ஜன்னலின் கண்ணாடி கலகலவென்று கொட்டியது.

“ஐயையோ!” என்றார் மாமியார்.

“பயப்படாதீங்க, இதையும் அடைச்சுடறேன். நல்லாத்தான் மூடுது அத்தை, அந்தக் கதவு. சத்தமே இல்ல.”

“கதவு கிடக்கட்டும், ஜன்னலைப் பாருங்க மாப்பிள்ளை!”

இரண்டாவது ஜன்னலுக்குப் பெரிய பலகை வேண்டும். வேனிலிருந்து எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு சமையலறை வழியாக வந்தார். கண் அறைக் கதவின் மேல், கால் தரையில், பலகையின் பின்பக்கம் எங்கே என்று அவருக்கே தெரியாது. ஹாலுக்குத் திரும்பும்போது அது சமையலறை ஜன்னலைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

மாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “காத்து ஒரு கண்ணாடியைத்தான் உடைச்சுது. நீங்க வந்து ரெண்டை உடைச்சுட்டீங்களே! நான் காத்தையே கூப்பிட்டிருக்கலாம் போலிருக்கே!”

அப்போது மேற்பார்வையாளரின் போன் வந்தது. “என்னப்பா இன்னுமா முடியல? ஒரே ஜன்னல்னுதானே சொன்னாங்க?”

“வந்து பார்த்தா பெரிய சேதம் சார். வேலை இழுத்துக்கிட்டே போகுது” என்றார் பலகைக்காரர். அது பொய் இல்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டார். வேலை நேரத்தில் அவர் போனை அணைத்தது அதுதான் முதல் தடவை. மனைவி பார்த்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆகவே, “போனை அணைச்சுட்டேன்!” என்று அறையைப் பார்த்து அறிவித்தார்.

அறைக்குள் யாரோ மூக்கை உறிஞ்சுவது போல ஒரு சத்தம் கேட்டது.

அவ்வளவுதான், மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. அழுகிறாள். கோபம் கரைந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் வெளியே வந்துவிடுவாள். ஆனால் இருப்பதற்கு வேலை வேண்டுமே! இரண்டு ஜன்னலையும் அடைத்தார். சமையலறை ஜன்னலை அடைத்தார். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பின்வாசல் கதவில் கண்ணாடி பதித்திருந்தது.

“இது ஆடுது அத்தை. இன்னொரு காத்துக்குத் தாங்காது.”

“நல்லாத்தானே இருக்கு?”

“உங்களுக்கு அப்படித் தெரியும்.” கதவையும் சட்டத்தையும் சேர்த்துப் பெரிய பலகையாக வைத்து ஸ்க்ரூ அடித்தார். அடித்துக்கொண்டே, இரண்டு கப் டீ போடுகிற கதையை உரக்கச் சொன்னார். அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்!

அடுத்தது வாசல் கதவு. அதன் மேல்பாதி கண்ணாடி. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஒரு மயிரிழைக் கீறல் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டார். அடிக்க அடிக்கச் செருப்புக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தாண்டித் தாண்டிப் போகிற இடத்தில் குரல் தழுதழுத்ததால் நாலு ஸ்க்ரூ போதும் என்கிற இடத்தில் பதினாலு போட்டுவிட்டார்.

வீடு கும்மிருட்டாகிவிட்டது. காற்றில் கரண்டும் போயிருந்தது. மாமியார் ஒரு டார்ச்சைத் தேடி எடுத்து அவர் முகத்தில் அடித்தார்.

“மாப்பிள்ளை, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க அத்தை.”

“இப்போ வெளியே எப்படிப் போறது?”

பலகைக்காரர் வாசலைப் பார்த்தார். பின்வாசலைப் பார்த்தார். வெளியே போகிற வழியைக் கடைசியில்தான் அடைக்க வேண்டும், அதையும் வெளியே நின்றுகொண்டுதான் அடைக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுகிற பாடம் அது.

“ஒரு நிமிஷம், கழட்டிடலாம்” என்று மெஷினை அழுத்தினார். அது கிர்ரென்று ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோனது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

“வேற பேட்டரி இல்லையா?”

“இருக்கு அத்தை. வேன்ல இருக்கு.”

“வேன் எங்க இருக்கு?”

“வெளியே இருக்கு.”

மாமியார் டார்ச்சை மறுபடியும் அவர் முகத்தில் அடித்தார்.

“ஊரையெல்லாம் உள்ளே வச்சு அடைக்கிற கம்பெனியா உங்களுது? இப்போ என்னதான் வழி?”

வழி ஒன்றுதான் பாக்கி. வீட்டிலேயே அவர் கை வைக்காத ஒரே ஜன்னல், அந்த அறைக்குள் இருந்த ஜன்னல். அதன் வழியாகக் குதித்து வேனுக்குப் போய்விடலாம்.

“அந்த ரூமைத் திறந்தாத்தான் உண்டு அத்தை.”

“முடியாது!” என்று மாமியார் அறைக் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். “வேலை முடியட்டும். சமையலறை ஜன்னல்ல இன்னும் பாதி ஸ்க்ரூ போடல நீங்க.”

“பேட்டரி இல்லையே அத்தை. நகருங்க. நானே பேசிப் பார்க்கறேன்.”

மாமியார் மனமில்லாமல் விலகினார். பலகைக்காரர் டார்ச்சை வாங்கி அணைத்தார். இருட்டில் பேசுவது சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. அறைக் கதவில் உள்ளங்கையை வைத்தார். மூன்று வாரமாகப் போனில் தட்டித் தட்டி அழித்ததெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. இப்போதும் சொல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“இங்க பாரு” என்று ஆரம்பித்தார். “நீ சொன்னது சரிதான். யாரோ ஒருத்தர் கூப்பிட்டா விழுந்தடிச்சுக்கிட்டு ஓடினேன். ஏன்னா அவங்களுக்கு எப்போ என்ன வேணும்னு போன்ல சொல்லிடறாங்க. நீ சொல்லாம இருந்த. சொல்லாட்டியும் நீ இருப்பேன்னு நினைச்சுட்டேன். அதான் நான் பண்ணின தப்பு.”

உள்ளே கட்டில் மறுபடியும் கிறீச்சிட்டது.

“வீட்டுக்குள்ள போனா என் காலடிச் சத்தம் எனக்கே கேக்குது. நீ திட்டினாக்கூடப் போதும். தினமும் திட்டு. சாயங்காலம் ஒவ்வொரு வீடா அடைச்சுட்டு வரும்போது, உள்ளே ரெண்டு பேர் பேசிக்கிட்டு இருக்கறது காதுல விழும். நம்ம வீட்ல எப்போ அப்படிக் கேக்கும்னு ஏங்கிப் போறேன். எனக்குக் கெஞ்சிக் கேட்டுப் பழக்கம் இல்ல. இருந்தாலும் கேக்கறேன். வீட்டுக்கு வந்துடேன்.”

சொல்லிவிட்டார். இருட்டில் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற சரசரப்புக் கேட்டது. “இவரைப் போய் இப்படிப் புலம்ப வச்சுட்டேனே” என்று அவர் முணுமுணுத்ததைப் பலகைக்காரர் காதில் வாங்கவில்லை. அவருடைய காது முழுக்கக் கதவில் இருந்தது.

உள்ளே தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது. கதவு திறந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூச, பலகைக்காரர் இரண்டு கையையும் நீட்டினார்.

துண்டால் மூக்கைத் துடைத்தபடி மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க பேசினதைக் கேட்டு எனக்கே உங்ககூட வந்துடலாம் போல இருக்கு மாப்பிள்ளை” என்றார் அவர். “ஆனா இந்தக் காத்துல நீங்க தனியா என்ன பண்றீங்களோன்னு ராத்திரியெல்லாம் தூங்காம, விடிஞ்சும் விடியாம அவ உங்க வீட்டுக்கே போயிட்டாளே! அதைச் சொன்னா எங்க ஜன்னலைப் பாதியில விட்டுட்டு ஓடிடுவீங்கன்னுதான் உங்க அத்தை என்னை இந்த ரூமுக்குள்ள தள்ளி வாயைத் திறக்காதீங்கன்னுட்டா.”