செங்கல் நிறச் சட்டையும் என் தொலைநோக்கும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வழக்கமான மரியாதையோடும், இந்த முறை வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் நிமிர்ந்த தலையோடும் எழுதும் கடிதம். இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற அனைவரும் சுகம். அங்கே தங்கள் ரத்த அழுத்தமும் அக்காவின் ரோஜாச் செடிகளும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா என்று அறிய ஆசை. சென்ற முறை தாங்கள் இங்கே மறந்து விட்டுப்போன பட்டாளத்துச் சட்டையைப் பற்றி இரண்டு கடிதங்களில் விசாரித்திருந்தீர்கள். தேடிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் வைத்த பொருள் எங்கே போய்விடும், கிடைத்ததும் சலவை செய்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற முறை தாங்கள் வந்திருந்தபோது, நான் துணைப்படைப் பயிற்சி முடிந்து உடுப்போடு வீட்டுக்குள் நுழைந்தேன். தாங்கள் சோபாவில் சாய்ந்தபடி, “என்ன மாப்ளே, எந்த பேங்க் வாசல்ல நிக்கிறீங்க? பகல் டியூட்டியா, நைட் டியூட்டியா?” என்று கேட்டுவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தீர்கள். தங்கள் தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் தங்களுக்குத்தான். நான் அதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்கிற ஆளில்லை. வைத்துக்கொள்ளாததால்தான் இத்தனை நாள் கழித்தும் ஒரு வார்த்தை விடாமல் எழுத முடிகிறது.

ஆனால் மச்சான், தங்கள் கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. பட்டாளம் வந்து சேரும்வரை வெள்ளத்திலும் புயலிலும் ஊரைப் பார்த்துக்கொள்வது எங்களைப் போன்ற தன்னார்வத் துணைப்படையின் வேலை. அதற்குக் கொடுத்திருந்ததோ பழுப்பு உடுப்பு. அதே பழுப்பைத்தான் ஊரிலுள்ள நகைக்கடை, அடுக்குமாடி, வாகன நிறுத்துமிடம் எல்லாவற்றின் காவலாளிகளும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போன மழையில் ஆறு ஏறியபோது நான் பாலத்து முனையில் நின்று, “யாரும் இந்தப் பக்கம் வராதீங்க, தண்ணி ஏறுது!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. பெரிய மனிதர் ஒருவர் குடையோடு இறங்கி, சாவியை என் கையில் போட்டு, “நல்ல நிழலாப் பார்த்து நிறுத்துப்பா” என்றார். கொட்டுகிற மழையில் மச்சான், நிழலாம்! நான் சாவியையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குள் அவர் தண்ணீரை நோக்கி நடந்துவிட்டார். இடுப்பளவு நீரிலிருந்து அவரை இழுத்து வந்தவர்கள் நானும் எங்கள் பிரிவுப் பேக்கரிக்காரரும்தான். கரையேறியதும் அவர் முதலில் கேட்டது, “என் சாவி எங்கே?” என்பது. அன்றைக்கே முடிவு செய்தேன். தடுக்கிறவன் யார் என்று உடுப்பே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு கத்தினாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், ஒரு நாள் உயிர் போகும்.

நல்ல வேளையாகத் தலைமையகமே வழிவிட்டது. ஒவ்வொரு பிரிவும் தன் உடுப்பையும் சின்னத்தையும் தானே வடிவமைக்கலாம், மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பார், பிடித்தால் புதியது, பிடிக்காவிட்டால் சாகும்வரை பழுப்புதான் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு பொறுப்பை என் தலையில் வைத்தார். குடிநீர் வாரிய வரைபடப் பிரிவில் ஓய்வு பெற்றவன் அல்லவா, பிரிவிலேயே ஒழுங்காகப் பென்சில் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதில் தற்பெருமை எதுவும் இல்லை, மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்தால் தாங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நிறத்தில்தான் முதல் சண்டை. ஒருவர் கருநீலம் என்றார், அது பேருந்து நடத்துநர்களுடையது. ஒருவர் பச்சை என்றார், ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்கள் வருத்தப்படுவார்கள். சாம்பல் நிறம் பள்ளிப் பிள்ளைகளுடையது, வெள்ளை ஐஸ்கிரீம் விற்பவருடையது. நல்ல நிறங்களையெல்லாம் ஊரார் நமக்கு முன்பே போட்டுத் தீர்த்துவிட்டார்கள் மச்சான். கடைசியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அக்கா, “அண்ணே, மழையில தூரத்துலேர்ந்து கண்ணுல படணும். செங்கல் கலர் போடுங்க. செவுத்தைப் பார்த்தா வண்டி ஓட்டறவன் தானா நிப்பான்” என்றார். கற்றுக்கொடுக்கும்போது எத்தனை சுவரைப் பார்த்திருப்பாரோ, அனுபவசாலி சொன்னால் மறுபேச்சு உண்டா?

அடுத்தது சின்னம். பல் டாக்டர் கழுகுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் வாழ்நாள் முழுவதும் வரைந்தது குழாய். இருந்தாலும் இரண்டு நாள் உட்கார்ந்து, இறக்கையெல்லாம் விரித்து ஒரு கழுகை வரைந்து கூட்டத்தில் வைத்தேன். டிரைவிங் ஸ்கூல் அக்கா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்தப் பக்கம் திருகினாத் தண்ணி வரும்ணே?” என்று கேட்டார். சிங்கம் வரைந்தேன். மோட்டார் பம்பு மாதிரி இருப்பதாகப் பேக்கரிக்காரர் அபிப்பிராயப்பட்டார். நான் கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருப்பேன், ஆனால் வெளியே மழை. அப்படியே உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்தபோது என் பென்சில் தானாக ஒரு கயிற்றைப் போட்டது. கயிறு என்பது வளைந்து கொடுக்கிற குழாய்தானே, அது எனக்குக் கைவந்தது. கயிற்றின் முனையில் அதை இறுகப் பிடித்திருக்கும் ஒரு கையை வரைந்தேன். அவ்வளவுதான், எல்லோரும் காகிதத்தைச் சுற்றிக் குனிந்துவிட்டார்கள். பேக்கரிக்காரர் மெதுவாக, “இது நாமதான்” என்றார். மச்சான், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தைப்பது எங்கள் தெருமுனைத் தையல்காரம்மா. “பாக்கெட், காலர், தோள்பட்டை எல்லாம் பார்த்துக்க மாதிரிக்கு நல்லாத் தைச்ச சட்டை ஒண்ணு குடுங்க சார்” என்றார். நான் சின்னத்துக்கு நூல் நிறம் பார்ப்பதில் மூழ்கியிருந்ததால் தங்கள் தங்கையிடம், “அலமாரியில இருக்கறதுல நல்ல சட்டையாப் பார்த்து ஒண்ணு குடுத்துடு” என்று சொல்லிவிட்டேன். இது முக்கியமில்லாத விவரம், சும்மா எழுதினேன். அந்தம்மா துணியை அடுக்காகப் போட்டு ஒரே வெட்டில் எல்லாச் சட்டைகளையும் வெட்டிவிடுபவர், வேலை அவ்வளவு சுறுசுறுப்பு.

மேலதிகாரி வரும் நாள் காலையில்தான் மூட்டை வந்து சேர்ந்தது. சட்டைகள் சற்றுத் தாராளமாக இருந்தன. பல் டாக்டர் உள்ளே போனார், வெகுநேரம் வெளியே வரவில்லை. தலை எந்த வழியாக வருவது என்று அவருக்குத் தெரியவில்லை. டிரைவிங் ஸ்கூல் அக்காவின் சட்டை அவர் முழங்காலைத் தொட்டது. தோளில் இருக்க வேண்டிய சின்னம் எல்லோருக்கும் நழுவி முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. “என்ன சார் இது, கூடாரமா?” என்று தலைவர் பல்லைக் கடித்தார். “எல்லாம் காரணமாத்தான் டாக்டர், பொறுத்திருந்து பாருங்க” என்றேன் நான். ஆமாம் மச்சான், இந்தத் தாராளம் முழுக்க முழுக்க என் தொலைநோக்கு. இதைத் தாங்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதிகாரி வந்தார். தங்களைப் போலவே விறைப்பான மனிதர், உடுப்பு உடம்போடு ஒட்டித் தைத்தது. வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “ஏன் இவ்வளவு பெருசு?” என்றார். பல் டாக்டர் என் பக்கம் திரும்பி முறைத்தார். எனக்குக் கண்முன்னே பழுப்பு நிறம் வந்து நின்றது, கார் சாவிகளாகக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து, அடுப்பில் ரொட்டி வைத்துவிட்டு நேரத்தை மறந்துபோன பேக்கரிக்காரர் ஓட்டமாக வந்தார். மேலெல்லாம் மாவு, இடுப்பில் ஏப்ரன். அக்கா நீட்டிய சட்டையை வாங்கி, ஏப்ரனையும் கழற்றாமல் அதன் மேலேயே மாட்டி, பொத்தானைப் போட்டு, ஒரு மூச்சில் வரிசையில் வந்து நின்றுவிட்டார். மாவு ஒரு துளி வெளியே தெரியவில்லை. நான் ஓரடி முன்னே வந்தேன். “சார், நாங்க முகாம்ல உடுப்போட காத்திருக்கற பட்டாளம் இல்ல. ஒருத்தர் அடுப்பு முன்னால இருப்பார், ஒருத்தர் பல்லைப் பிடுங்கிட்டிருப்பார். கூப்பிட்டா உடம்புல எது இருக்கோ அது மேலயே மாட்டிக்கிட்டு ஓடி வரணும். அதுக்குத்தான் சார் இந்த அளவு” என்றேன். “சரி, சின்னம் ஏன் கையில கிடக்கு?” என்றார். “தண்ணியில இருக்கறவனை நோக்கி நாங்க கையைத்தான் சார் நீட்டுவோம். அவன் பார்க்கறதும் அதைத்தான்.” இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே ஆச்சரியம், அதாவது நான் முன்பே யோசித்து வைத்திருந்ததுதான்.

அடுத்து அவர் எங்கள் மீட்புப் படகைப் பார்க்கக் குனிந்தபோது அவருடைய ஒட்டிய சட்டையிலிருந்து ஒரு பொத்தான் தெறித்து ஓடியது. அவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து, “இதே நிறம், இதே சின்னம், இதே அளவு. எல்லாப் பிரிவுக்கும் இதையே அனுப்பச் சொல்றேன்” என்றார். பல் டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பெரிய சட்டைகளுக்கு நடுவில் நாங்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

அன்று திரும்பும் வழியில் பாலத்தருகே ஒரு கார் என் பக்கத்தில் மெதுவாக வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது, ஒரு கை வெளியே வந்தது. சாவிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கை பாலத்தைக் காட்டியது. “சார், இந்த வழியாப் போகலாங்களா?” என்றார் ஓட்டி வந்தவர். நான் அவசியமில்லாமல் ஆற்றை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, “போகலாம்” என்றேன். என் சொல்லுக்குக் காத்திருந்து வண்டி நகர்ந்தது மச்சான்.

அடுத்த மாதம் புது உடுப்பில் எங்கள் அணிவகுப்பு. வருவதும் வராததும் தங்கள் விருப்பம், தங்கள் பாராட்டு எனக்குத் தேவையென்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் இருவர் ஆசியும்.

தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை
(துணைப்படை உடுப்பு, சின்னம் வடிவமைப்புப் பொறுப்பாளர்)

பி.கு.: அண்ணா, நான்தான். கவரை ஒட்டச் சொல்லிக் குடுத்தார், படிச்சுட்டுத்தான் ஒட்டறேன். தொலைநோக்காம், தொலைநோக்கு! மூக்குக்கண்ணாடியையே தினமும் நான்தான் தேடித் தர்றேன். நல்ல சட்டை ஒண்ணு குடுன்னார். இந்த அலமாரியில நல்ல சட்டைன்னு சொல்லிக்க உன் பட்டாளத்துச் சட்டைதான் இருந்துச்சு, எடுத்துக் குடுத்துட்டேன். தையல்காரம்மா அதைத் தையல் தையலாப் பிரிச்சு அளவு எடுத்துட்டாங்க. இனி அது சட்டை இல்ல, நீயும் கேட்டு எழுதாதே. இப்ப பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் உன் தொந்திக்குள்ளதான் நிக்கறாங்க, இனி எல்லா ஊர்லயும் அப்படித்தான் நிக்கப்போறாங்க. இது தெரிஞ்ச அன்னிக்கு ஒரு நாள் முழுக்க இவர் என்னோட பேசலை. அப்புறம் அதிகாரி கிட்ட சொன்னதை நிஜம்னு அவரே நம்பிட்டார்.

அண்ணா, வந்தா சிரிக்காதே. அன்னிக்கு நீ சிரிச்சப்ப நானும் சேர்ந்து சிரிச்சேன். அதுக்கப்புறம் இவர் மாடிப்படிக்குக் கீழ நின்னு உடுப்பை மாத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்துக்கிட்டிருந்தார். எனக்கு அது ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. இப்ப காய்கறி வாங்கப் போனாக்கூட அந்தச் சட்டைதான், சின்னம் தெரியணும்னு கையை வேற நீட்டிக்கிட்டே நடக்கறார். நாற்காலின்னுதான் எழுதியிருக்கார். டாக்டர் கிட்டப் பேசி வரிசையில தன் பக்கத்துலயே உனக்கு ஒரு இடம் கேட்டு வெச்சிருக்கார், அதைச் சொல்லத்தான் வாய் வரலை. கட்டாயம் வா. உடுப்புக்கு அளவெல்லாம் அனுப்ப வேண்டாம், எதை எடுத்தாலும் உனக்குச் சரியா இருக்கும்.